ரேம் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்

எங்கள் தெருமுனையில் ஒரு டிடிபி கடை இருக்கிறது. ஆதார் நகல், கல்யாணப் பத்திரிகை, தேர்வு விண்ணப்பம் எல்லாம் அங்கேதான். கடைக்கார அண்ணன் ஒரு நாள் பிடித்துக்கொண்டார். "தம்பி, சிஸ்டம் ரொம்ப ஸ்லோ. ரேம் போட்டா சரியாயிடும்னு சொல்றாங்க. இன்னொரு எட்டு ஜிபி வாங்கிடட்டுமா?" அவருடைய கணினியில் ஏற்கெனவே 8 ஜிபி ரேம் இருந்தது. திறந்து பார்த்தால் அதில் பாதிகூடச் செலவாகவில்லை. கோளாறு வேறு இடத்தில் இருந்தது.

அது எங்கே என்பதை அவர் கணினியிலேயே பத்து நிமிடத்தில் பார்த்துவிட முடிந்தது. உங்கள் கணினியிலும் முடியும். அதற்குக் கொஞ்சம் அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். அதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கையில் ஸ்க்ரூடிரைவர் எடுப்போம்.

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

போனில் "மெமரி ஃபுல்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் நினைவகத்தை அல்ல. படங்களும் வாட்ஸ்அப் வீடியோக்களும் அடைத்துக்கொண்டிருப்பது சேமிப்பகம். அது மின்சாரம் போனாலும் மறக்காது. ரேம் என்பது முதன்மை நினைவகம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களும் அவை கையாளும் தரவும் இருக்கும் இடம். அரை மணி நேரம் தட்டச்சு செய்த கடிதத்தைச் சேமிக்காமல் வைத்திருந்து, கரண்ட் போய், எல்லாம் காற்றோடு போன அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அந்தக் கடிதம் அதுவரை ரேமில் மட்டுமே இருந்தது.

கணினியின் மூளையான பிராசஸர் எந்த வேலையைச் செய்ய வேண்டுமானாலும் அதற்கான தரவு முதலில் ரேமுக்கு வந்தாக வேண்டும். ஹார்ட் டிஸ்கில் உள்ள கோப்பை அது நேரடியாகத் தொட்டு வேலை செய்வதில்லை. ஏன் இந்தச் சுற்றுவழி? தூரம்தான் காரணம். கிலோமீட்டர் கணக்குத் தூரம் அல்ல, காத்திருக்கும் நேரக் கணக்கில் தூரம்.

ரேமிலிருந்து ஒரு தரவை எடுக்கச் சுமார் 100 நானோ விநாடி ஆகிறது. இந்த எண்கள் மனதில் ஒட்டாது. அதனால் அந்த 100 நானோ விநாடியை ஒரு முழு விநாடியாக இழுத்துப் பார்ப்போம். அந்தக் கணக்கில், பிராசஸருக்கு உள்ளேயே இருக்கும் முதல் நிலை கேஷ் என்ற குட்டி நினைவகத்திலிருந்து எடுக்க விநாடியில் நூறில் ஒரு பங்கு போதும். சுழலும் பாகமே இல்லாத சேமிப்பகமான நல்ல எஸ்எஸ்டியிலிருந்து எடுக்கப் பதினேழு நிமிடம். ஹார்ட் டிஸ்கிலிருந்து எடுக்க? ஏறத்தாழ 28 மணி நேரம். இன்று காலை கேட்டால் நாளை மத்தியானம் கிடைக்கும்.

ஹார்ட் டிஸ்கின் சோம்பலுக்குக் காரணம் கண்ணுக்கே தெரியும். அதற்குள் ஒரு தட்டு சுழல்கிறது. மடிக்கணினிகளில் வழக்கமான, நிமிடத்துக்கு 5400 சுற்று என்ற வேகத்தில் ஒரு முறை சுற்ற 11 மில்லி விநாடி. வேண்டிய இடம் ஊசிக்கு அடியில் வரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓட்டைக் குடம்

ரேமுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. ஒரு பிட், அதாவது ஒரு 0 அல்லது 1, ஒரு துளி மின்தேக்கியில் உட்கார்ந்திருக்கிறது. மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் திறந்து மூட ஒரே ஒரு டிரான்சிஸ்டர். இந்த அமைப்பை ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டென்னார்ட் 1966இல் யோசித்தார், 1968இல் காப்புரிமை கிடைத்தது. 1970இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லு, இப்படி மின்னூட்டத்தில் பிட்டை வைக்கும் நினைவகத்தைச் சந்தையில் நிலைநிறுத்தியது. அதன் கொள்ளளவு 1024 பிட். இந்தப் பத்தியைக்கூட அதில் அடக்க முடியாது.

சிக்கல் என்னவென்றால், அந்த மின்தேக்கி ஓட்டைக் குடம். வைத்த மின்னூட்டம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் ஒழுகித் தீர்வதற்குள் ஒவ்வொன்றையும் படித்து, மறுபடி நிரப்பி வைக்க வேண்டும். வழக்கமான விதி, 64 மில்லி விநாடிக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு சுற்று நிரப்பிவிட வேண்டும் என்பது. நீங்கள் இதை வாசிக்கும்போதே உங்கள் கணினி விநாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் தன் நினைவு முழுவதையும் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. படித்தாலே மின்னூட்டம் போய்விடும் என்பதால், படித்த உடனேயும் திரும்ப எழுதியாக வேண்டும்.

கரண்ட் போனதும் ரேம் மறந்துவிடுவதற்குக் காரணம் இதுதான். குடத்தை நிரப்ப ஆளில்லை. ஆனால் அதே நொடியில் காலியாவதில்லை. 2008இல் பிரின்ஸ்டன் ஆராய்ச்சியாளர்கள் ரேம் சில்லுகளைக் கடுமையாகக் குளிரவைத்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதிலிருந்து தரவைப் பூட்டும் ரகசியச் சாவிகளைப் படித்துக் காட்டினார்கள். குளிரில் ஒழுகல் மெதுவாகிவிடும்.

கேஷ் வேறு சாதி. அங்கே ஒரு பிட்டுக்குப் பொதுவாக ஆறு டிரான்சிஸ்டர்கள். ஒழுகாது, புதுப்பிக்க வேண்டாம், வேகமும் அதிகம். ஆனால் அதிக இடம் பிடிக்கும், விலையும் கூடும். அதனால்தான் கேஷ் சில எம்பி அளவிலும் ரேம் சில ஜிபி அளவிலும் இருக்கின்றன.

படி 1: வாங்குவதற்கு முன் பாருங்கள்

சரி, இப்போது உங்கள் கணினி. விண்டோஸ் என்று வைத்துக்கொள்கிறேன். முதலில் அதை வழக்கமாக ஒரு நாள் எப்படிப் பயன்படுத்துவீர்களோ அப்படியே வேலை செய்யுங்கள். உலாவியில் வழக்கமான தாவல்கள், பாட்டு, எக்செல் எல்லாம் திறந்திருக்கட்டும். இருபது நிமிடம் போகட்டும். புதிதாகத் தொடங்கிய கணினியைப் பரிசோதிப்பது, சாப்பிடாமல் இருப்பவருக்குச் சர்க்கரை பார்ப்பதுபோல. அதுவும் ஒரு எண்தான், ஆனால் நமக்கு வேண்டிய எண் அல்ல.

பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் மெமரி என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

"இன் யூஸ்" என்று ஓர் எண் இருக்கும். 8 ஜிபியில் 6 ஜிபி பயனில் இருப்பதாகக் காட்டினால் பலரும் பதறிவிடுகிறார்கள். பதற வேண்டாம். ரேமைக் காலியாக வைத்திருந்தால் யாருக்கும் லாபமில்லை. மீதியிருக்கும் இடத்தைக்கூட விண்டோஸ் சும்மா விடுவதில்லை. அண்மையில் திறந்த கோப்புகளை அங்கே பிடித்து வைத்துக்கொள்கிறது. "கேஷ்ட்" என்று காட்டுவது பெரும்பாலும் அதுதான். வேறு நிரலுக்கு இடம் தேவைப்பட்டால் உடனே விட்டுக்கொடுத்துவிடும்.

இதனால்தான் "ரேம் கிளீனர்", "பூஸ்டர்" என்று வரும் செயலிகள் மேல் எனக்குக் கொஞ்சமும் மரியாதை இல்லை. அவை செய்வது, ரேமில் இருப்பதை வலுக்கட்டாயமாக வெளியே தள்ளுவது. எண் குறையும், பார்க்க நன்றாக இருக்கும். அடுத்த நிமிடம் அதே தரவு தேவைப்படும்போது மறுபடி டிஸ்கிலிருந்து கொண்டுவர வேண்டும். மேலே சொன்ன 28 மணி நேரக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது "கமிட்டட்" என்ற எண்ணை. "9.8/12.4" என்பதுபோல இருக்கும். முதல் எண், நிரல்களுக்குத் தருவதாக விண்டோஸ் வாக்குக் கொடுத்திருக்கும் நினைவகம். இரண்டாவது, அதிகபட்சம் கொடுக்கக்கூடியது. உங்களிடம் 8 ஜிபி ரேம்தான் இருக்கிறது, பிறகு எப்படி 12.4?

இதற்கு மெய்நிகர் நினைவகம் என்று பெயர். மான்செஸ்டரில் உருவாகி 1962இல் வேலைக்கு வந்த அட்லஸ் கணினியில் தொடங்கிய உத்தி. ஒவ்வொரு நிரலும் தனக்கென்று ஒரு பெரிய நினைவகம் இருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும். இயக்கு தளம் அதைச் சின்னச் சின்னப் பக்கங்களாக, பெரும்பாலும் 4 கேபி அளவில் வெட்டி, எந்தப் பக்கம் ரேமில் எங்கே இருக்கிறது என்று அட்டவணை போட்டு வைத்திருக்கும். ரேம் போதவில்லை என்றால், நெடுநேரம் தொடாத பக்கங்களை டிஸ்கில் உள்ள பேஜ் ஃபைலுக்கு மாற்றிவிடும். நிரல் அதைத் தேடினால் மறுபடி எடுத்து வரும். எப்போதாவது நடந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. விநாடிக்கு நூற்றுக்கணக்கில் நடந்தால், கணினி உங்கள் வேலையை விட்டுவிட்டுப் பக்கங்களைத் தூக்கிச் சுமப்பதையே முழுநேர வேலையாக்கிக்கொள்ளும். மவுஸ் நகரும், வேறெதுவும் நகராது. டிஸ்க் விளக்கு மட்டும் விடாமல் மினுங்கும்.

போன் கடைகளில் "8+8 ஜிபி ரேம்" என்று விற்பதும் இதே உத்திதான். இரண்டாவது 8 ரேம் அல்ல, சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். அதற்காக அதிக விலை கொடுக்காதீர்கள்.

இப்போது தீர்ப்புச் சொல்லலாம். கமிட்டட் எண் உங்கள் ரேமைவிட நன்றாகத் தாண்டிப் போகிறதா, இன் யூஸ் 90 சதவீதத்துக்கு மேலேயே நிற்கிறதா, அந்த நேரத்தில் டிஸ்கும் ஓய்வில்லாமல் ஓடுகிறதா? மூன்றும் ஆம் என்றால் ரேம் போதவில்லை. வாங்குங்கள். மெமரி 50 அல்லது 60 சதவீதம், ஆனால் டிஸ்க் மட்டும் எப்போதும் 100 சதவீதம், அதன் வகை எச்டிடி, அதாவது ஹார்ட் டிஸ்க் என்று காட்டுகிறது என்றால், எவ்வளவு ரேம் போட்டாலும் பெரிய மாற்றம் இருக்காது. எஸ்எஸ்டி வாங்குங்கள். சிபியு, அதாவது பிராசஸர் 100 சதவீதத்தில் நின்றால் இரண்டும் உதவாது. எந்த நிரல் அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

டிடிபி அண்ணனுக்கு இரண்டாவது வகை. ஏழெட்டு வயதான ஹார்ட் டிஸ்க், காலையில் கடை திறந்து கணினியைப் போட்டால் அவர் டீ குடித்து வரும்வரை அது தயாராகாது. 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று மாற்றினோம். ரேமைத் தொடவே இல்லை. இப்போது டீ ஆறுவதற்கு முன்பே விண்டோஸ் வந்துவிடுகிறதாம்.

படி 2: உங்கள் கணினி எதை ஏற்கும்

ரேம்தான் தேவை என்று முடிவானால், அதே மெமரி பக்கத்தின் கீழே பாருங்கள். எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகம் என்று இருக்கும். டிடிஆர் என்பது ரேமின் வகை, பின்னால் வரும் எண் அதன் தலைமுறை. வேகம் 1333 அல்லது 1600 என்றால் பெரும்பாலும் டிடிஆர்3. 2133 முதல் 3200 வரை என்றால் பொதுவாக டிடிஆர்4. 4800, அதற்கு மேல் என்றால் டிடிஆர்5. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. பொருந்தக் கூடாது என்றுதான் அடியில் உள்ள வெட்டு ஒவ்வொரு தலைமுறைக்கும் வேறு இடத்தில் இருக்கிறது. மின்னழுத்தமும் வேறு. டிடிஆர்3க்கு 1.5 வோல்ட், டிடிஆர்4க்கு 1.2, டிடிஆர்5க்கு 1.1.

டிடிஆர்3இல் மட்டும் ஒரு பொறி உண்டு. 1.35 வோல்ட்டில் ஓடும் டிடிஆர்3எல் என்று ஒன்று இருக்கிறது. இரண்டும் ஒரே ஸ்லாட்டில் உட்காரும். ஆனால் 2013க்குப் பிறகு வந்த பல மடிக்கணினிகளுக்கு எல் வகைதான் வேண்டும். மற்றதைப் போட்டால் திரை இருட்டாகவே இருக்கும்.

அளவையும் கவனியுங்கள். மேசைக் கணினி ரேம் சுமார் 13 சென்டிமீட்டர் நீளம். மடிக்கணினி ரேம் அதில் பாதி. முதன்முதலில் ரேம் வாங்க ரிச்சி தெருவுக்குப் போனபோது "டிடிஆர்4, 8 ஜிபி" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் மடிக்கணினியைத் திறந்து, கையில் இருந்த நீளமான பலகையைப் பார்த்துச் சிரித்தாள் என் தங்கை. கடைக்காரர் மேல் தப்பில்லை, நான் மடிக்கணினி என்று சொல்லவே இல்லை.

கடைசியாக, உங்கள் மடிக்கணினியில் ரேமைச் சேர்க்கவே முடியுமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம், கணினியின் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். எம்1 சில்லு வந்த 2020 முதல் ஆப்பிள் மடிக்கணினிகளில் ரேம் பிராசஸரோடு ஒரே பொதியில் இருக்கிறது. வாங்கும் நாளில் எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான். மாடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டைத் தேடினால் அதிகபட்ச ரேம் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும்.

படி 3: லேபிளைப் படிப்பது

ரேமில் ஒட்டியிருக்கும் தாளில் "8ஜிபி 1ஆர்எக்ஸ்8 பிசி4-3200ஏஏ" என்பதுபோல ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பிசி4 என்றால் டிடிஆர்4. 3200 என்பது விநாடிக்கு 320 கோடி பரிமாற்றம். ஒவ்வொரு முறையும் 64 பிட், அதாவது 8 பைட் போகும். பெருக்கினால் விநாடிக்கு 25.6 ஜிபி. 1ஆர்எக்ஸ்8 என்பது, 8 பிட் தரும் சில்லுகள் ஒரே அணியாக நிற்கின்றன என்று பொருள். எட்டு சில்லுகள், ஆளுக்கு 8 பிட், மொத்தம் 64. பலகையில் கறுப்புச் சில்லுகளை எண்ணிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும்.

வேகத்துக்கு ஆசைப்பட்டு அதிகம் கொடுப்பதற்கு முன் ஒரு கணக்கு. தாமத எண் என்பது, கேட்ட தரவு வர எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும் என்பது. டிடிஆர்3-1600 ரேமில் வழக்கமாக அது 11. டிடிஆர்4-3200இல் 22. கடிகார வேகத்தால், அதாவது அந்த 1600, 3200இல் பாதியான 800, 1600 மெகாஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் விடை 13.75 நானோ விநாடி. கேட்ட தரவின் முதல் துளி வந்து சேரும் நேரம் மாறவே இல்லை. வந்த பிறகு கொட்டும் வேகம்தான் இரண்டு மடங்கு ஆகியிருக்கிறது. படம், வீடியோ, விளையாட்டு என்று மொத்தமாக அள்ளும் வேலைக்கு அது உதவும். கணக்கு வழக்கும் மின்னஞ்சலும் மட்டும் என்றால் அளவே முக்கியம், வேகம் அப்புறம்தான்.

முடிந்தால் இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே அளவு ரேம் இருக்கட்டும். பிராசஸர் இரண்டு வழியாகவும் ஒரே நேரத்தில் அள்ளும். தனி கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத கணினிகளில் திரையில் வரையும் வேலைக்கும் இதே ரேம்தான் என்பதால் வித்தியாசம் அங்கே நன்றாகத் தெரியும். ஏற்கெனவே 4 இருக்கிறது, கூட 8 போட்டால் கெட்டுப்போகுமா என்று கேட்கிறார்கள். கெடாது. பல கணினிகளில் பொதுவான பகுதி மட்டும் இரட்டை வழியில் ஓடும். வேகம் வேறுபட்டால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிக்கொள்ளும்.

படி 4: மாட்டுவது

ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுங்கள். அப்போதுதான் விண்டோஸ் முழுதாக நிற்கும். சார்ஜரைக் கழற்றுங்கள். பின்மூடியைத் திறந்ததும் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு, பவர் பொத்தானைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாது. ஏதாவது ஒரு பெரிய உலோகப் பொருளைத் தொட்டுவிட்டு ரேமை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படக் கூடாது.

மடிக்கணினியில் ஸ்லாட்டின் இரு பக்கமும் சின்னக் கைகள் இருக்கும். வெட்டைச் சரிபார்த்து, ரேமைச் சாய்வாக, சுமார் 30 டிகிரியில், பற்கள் மறையும்வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு மெதுவாகக் கீழே அழுத்தினால் "டக்" என்று கைகள் பிடித்துக்கொள்ளும். மேசைக் கணினியில் நேராக மேலிருந்து, இரு ஓரங்களிலும் சம அழுத்தம். அங்கே நான்கு ஸ்லாட் இருந்து இரண்டு ரேம்தான் என்றால், பெரும்பாலான தாய்ப்பலகைகளில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும்.

முதல் முறை பவர் கொடுத்ததும் திரை இருட்டாக இருக்கலாம். பொறுங்கள். கணினி விழிக்கும் நேரத்தில் ரேம் வெறும் காலிப் பாத்திரம். தாய்ப்பலகையில் உள்ள ஃபிளாஷ் சில்லில் இருக்கும் தொடக்க நிரல்தான் முதலில் ஓடும். ரேம் இன்னும் தயாராகாததால், பல பிராசஸர்கள் தங்கள் கேஷையே தற்காலிக ரேமாக வைத்து அதை ஓட்டுகின்றன. புதிய ரேமுக்கு மின்குறிகளை எந்தக் கணத்தில் அனுப்ப வேண்டும் என்று சோதித்து, எண்களைக் குறித்துக்கொண்ட பிறகே படம் வரும். டிடிஆர்5இல் இதற்குச் சில நிமிடம்கூட ஆகலாம். பலர் இந்த இடத்தில்தான் பயந்து அணைத்துவிடுகிறார்கள்.

அதன் பிறகும் வரவில்லை, பீப் ஒலி கேட்கிறது என்றால் அணைத்து, கழற்றி, மறுபடி அழுத்தமாகப் போடுங்கள். பத்தில் ஏழெட்டு முறை சரியாக உட்காராததுதான் காரணம், என் கை அனுபவத்தில். பழைய ரேம் என்றால் பற்களைப் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்ப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் வழக்கம். வேலை செய்யும், ஆனால் ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழாமல் வெளியே வைத்துத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

படி 5: சோதிப்பது

டாஸ்க் மேனேஜரில் புதிய அளவு தெரிகிறதா பாருங்கள். 8 ஜிபியில் 7.7 மட்டும் காட்டினால் யாரும் ஏமாற்றவில்லை, மீதியைக் கிராஃபிக்ஸுக்காகவும் வன்பொருளுக்காகவும் ஒதுக்கியிருப்பார்கள். 8 போட்டு 4 அல்லது அதற்கும் குறைவாகக் காட்டினால், ஒரு ஸ்டிக் சரியாக உட்காரவில்லை, அல்லது 32 பிட் விண்டோஸ் ஓடுகிறது. 32 பிட் முகவரியால் எண்ண முடிந்த எல்லையே 4 ஜிபிதான்.

அன்று இரவு தூங்கப் போகும் முன், ஸ்டார்ட் மெனுவில் "விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்" என்பதைத் தேடி ஓட விடுங்கள். ஒவ்வொரு குடத்திலும் எழுதி, படித்து, எழுதியது அப்படியே இருக்கிறதா என்று பார்க்கும். ஒரே ஒரு பிழை காட்டினாலும் சமாதானம் ஆகாமல் மறுநாளே பில்லோடு கடைக்குப் போய்விடுங்கள். கழற்றிய பழைய ஸ்டிக்கைப் புதியது வந்த உறையிலேயே போட்டு, கொஞ்ச நாள் பத்திரமாக வைத்திருங்கள். மாற்று வரும்வரை கணினி ஓட அது வேண்டும்.